மடிக்கணனியின் கண் திறக்காவிட்டால்...

எமது சங்க அங்கத்தவர்களுட் பலர், யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உடன்பிறப்புகளையும் பேரப்பிள்ளைகளையும் இன்று மடிக்கணனியின் திரையிலேயே காண்கின்றனர். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்திலிருந்து இங்கிலாந்தில் வைத்தியர்கள் நோயாளரைக் காணொளி மூலம் பார்ப்பதும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே திரையின் மேல்விளிம்பில் மிளகளவே இருக்கும் அந்தக் கமரா செயற்படாது போவதைச் சிறிய விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரால் ஒரு வசனத்தை நிறுத்தாமற் சொல்லி முடிக்க முடிகிறதா என்பதைத் தொலைபேசியிற் கேட்டறியலாம். உதட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, கழுத்துத் தசைகள் இழுத்து இழுத்து வேலை செய்கின்றனவா, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்பவற்றையோ கண்ணாற்றான் காணவேண்டும். கமரா வேலை செய்யவில்லை என்ற காரணத்தால் இவை காணப்படாமற் போகக்கூடாது.

கமரா "செத்துப்போயிற்று" என்று சொல்லி அன்பர்கள் என்னிடம் காட்டியவற்றுட் பெரும்பாலானவை உயிரோடேயே இருந்தன. ஒன்று மூடப்பட்டிருந்தது; இன்னொன்றுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது; மற்றொன்று வேறொரு செயலியின் பிடியில் இருந்தது. தலைவலி என்று வந்தவருக்கு நாம் எடுத்த எடுப்பிற் சத்திரசிகிச்சை செய்வதில்லை. அதுபோலவே இங்கும் எளியதை முதலிற் பார்த்து, வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாகச் செய்தால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

1. கண்ணாற் பாருங்கள்

கமராவுக்கு அருகிலுள்ள சிறுவிளக்கு எரிகிறது, ஆனாற் படம் கறுப்பாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் கண்ணாடி மூடப்பட்டிருக்கிறது. லெனோவோ, எச்.பி. போன்ற பல கணனிகளில் கமராவின் மேலேயே நகர்த்தக்கூடிய ஒரு சிறுமூடி உண்டு. அதை விரல் நுனியாற் பக்கவாட்டிற் தள்ளிப் பாருங்கள். வேறு சிலவற்றிற் கணனியின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஆளியோ, விசைப்பலகையின் மேல்வரிசையிற் கமராப் படம் பொறித்த ஒரு விசையோ இருக்கும். தூசு துடைக்கும்போது அது தற்செயலாக அமுங்கிவிடுவதுண்டு. அப்பிள் நிறுவனத்தின் மக்புக் கணனிகளுக்கு இத்தகைய மூடி கிடையாது. தடித்த மூடியை ஒட்டிவிட்டுக் கணனியை மடித்தால் திரை வெடிக்கக்கூடும் என்று அந்நிறுவனமே 2020இல் அறிவுறுத்தியது.

2. நோய் எங்கே என்று பிரித்தறியுங்கள்

ஸூமிற் படம் வரவில்லை என்றால் ஸூமையே கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸில் இயல்பாகவே உள்ள 'கமரா' என்ற செயலியைத் திறவுங்கள். மக்புக்கில் 'போட்டோ பூத்' அதே வேலையைச் செய்யும். அங்கே உங்கள் முகம் தெரிந்தால் கமரா நலமாக உள்ளது. குறை ஸூமிலோ அதற்குரிய அனுமதியிலோதான். ஸூமில் 'வீடியோ' பொத்தானுக்கு அருகிலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினாற் கமராக்களின் பட்டியல் வரும். அதிற் சரியானது தெரிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் கமராச் செயலி காட்டும் பிழை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது 4244 என்று முடிந்தாற் கமராவையே காணவில்லை என்று பொருள். 4243 என்று முடிந்தால் வேறொரு செயலி கமராவைப் பிடித்து வைத்திருக்கிறது.

3. அனுமதி உண்டா?

விண்டோஸ் 11இல் 'செற்றிங்ஸ்', அதனுள் 'பிறைவசி அண்ட் செக்கியூரிட்டி', அதனுள் 'கமரா' என்று செல்லுங்கள். அங்கே முழுக் கணனிக்கும் ஓர் ஆளி, செயலிகளுக்கு ஓர் ஆளி, கீழே 'டெஸ்க்டொப்' செயலிகளுக்கு இன்னோர் ஆளி என மூன்று உள்ளன. கடைசி ஆளியைப் பலர் காண்பதேயில்லை. மூன்றும் திறந்திருத்தல் வேண்டும். மக்புக்கிலும் 'சிஸ்டம் செற்றிங்ஸ்' என்பதனுள் இதே பெயருடைய பகுதி உண்டு. அனுமதி கொடுத்த பின் செயலியை மூடித் திறக்கவேண்டும்.

வைத்தியசாலை அனுப்பும் இணைப்பு பெரும்பாலும் இணைய உலாவியிற் திறக்கும். அங்கே முகவரிக்கு இடப்பக்கத்திலுள்ள அடையாளத்தை அழுத்திக் கமராவுக்குத் தனியாக அனுமதி கொடுக்கவேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சிலவும் கமராவைத் தடுத்து வைப்பதுண்டு.

4. மீண்டும் தொடக்குங்கள்

கமராவைப் பயன்படுத்தக்கூடிய ஏனைய செயலிகளை மூடிவிட்டு 'றீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுண்' செய்து மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது. விரைவாகத் தொடங்கும் பொருட்டு விண்டோஸ் தன் உள்நிலையிற் பாதியைச் சேமித்து வைத்து அப்படியே மீட்டெடுக்கும். பழைய சிக்கலும் கூடவே வரும்.

5. இயக்கி மென்பொருள்

இன்னும் சரிவராவிடின், 'ஸ்டார்ட்' பொத்தானை வலப்பக்க விசையால் அழுத்தி 'டிவைஸ் மனேஜர்' என்பதைத் திறந்து, 'கமராஸ்' என்ற தலைப்பைப் பாருங்கள். கமராவின் பெயரிற் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டுள்ளது, 'எனேபிள்' செய்யுங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால் 'அன்இன்ஸ்டோல்' செய்து, மீண்டும் தொடக்குங்கள். விண்டோஸ் தானாகவே அதை அமைத்துக்கொள்ளும். இயக்கியையும் அழிக்கவா என்று கேட்கும் சதுரத்தில் மட்டும் குறியிட வேண்டாம். புதுப்பிப்பின் பின் கமரா நின்றாற் கணனியின் மேற் குறை சொல்லாதீர்கள். 2016 ஓகஸ்டில் விண்டோஸ் 10இற்கு வந்த பெரும் புதுப்பிப்பு, உலகெங்கும் நல்ல நிலையிலிருந்த கமராக்கள் பலவற்றை உறையச் செய்தது.

6. உண்மையான பழுது

கமராவின் கம்பி பெரும்பாலும் திரையின் கீலின் வழியே செல்கிறது. திரையை முன்பின்னாக அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கம்பி தேய்ந்திருக்கக்கூடும். பழைய கணனியைத் திறந்து திருத்துவதிலும், யு.எஸ்.பி. துளையிற் செருகும் தனிக் கமரா ஒன்று வாங்குவது பெரும்பாலும் மலிவு.

அந்நியர் கையிற் கொடுக்காதீர்கள்

இவை அனைத்திலும் முக்கியமானது இது. கமரா வேலை செய்யவில்லை என்று இணையத்திற் தேடும்போது உதவி எண்கள் பல தோன்றும். அவற்றுட் சில மோசடிக்காரருடையவை. மைக்ரோசொப்ட் நிறுவனம் தானாக உங்களைத் தொலைபேசியில் அழைப்பதில்லை. "உங்கள் கணனியை இங்கிருந்தே பார்க்கிறேன், இதை அழுத்துங்கள்" என்று முன்பின் அறியாதவர் சொன்னால், உடனே தொலைபேசியை வையுங்கள். அழுத்திவிட்டீர்களாயின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியில் 159ஐ அழையுங்கள். இந்நாட்டின் பெரும்பாலான வங்கிகளுடன் அது நேரே இணைக்கும். வெட்கப்பட்டு மறைப்பதால் நட்டமே பெருகும்.

வைத்தியருடன் காணொளிச் சந்திப்பு இருப்பின், முதல் நாளே கமராவைச் சோதித்துக்கொள்ளுங்கள். அன்றைய தினம் வேலை செய்யாவிடின் கணனியோடு போராடாமற் கைத்தொலைபேசியில் அதே இணைப்பைத் திறவுங்கள். அதுவும் முடியாவிடின் வைத்தியசாலைக்குத் தெரிவியுங்கள். நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ இருந்தாற் கமராவையும் சந்திப்பையும் மறந்து 999ஐ அழையுங்கள்.