கொழுப்பு மாத்திரையால் கை, கால் வலியா? பயந்து நிறுத்துபவர்கள் கவனத்துக்கு...

திண்டுக்கல்:
மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் என பலருக்கும் டாக்டர்கள் தினமும் போடச்சொல்லி ஒரு மாத்திரை எழுதி தருகிறார்கள். அதுதான் கொழுப்பு மாத்திரை. சீட்டில் அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் என்று இருக்கும்.

இதை பாதியிலேயே விட்டு விடுபவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால், "கை, கால் எல்லாம் இழுக்குது", "கல்லீரல் கெட்டுடுமாம்", "சர்க்கரை வந்துடுமாம்" என்று பதில் வருகிறது. டீக்கடை பேச்சும், வாட்ஸ்-அப் வீடியோவும் சேர்ந்து பயத்தை கிளப்பி விடுகின்றன.

பயத்துக்கு காரணமே இல்லை என்று சொல்லி விட முடியாது. ஜெர்மனியை சேர்ந்த பேயர் கம்பெனி, செரிவாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை 2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாபஸ் வாங்கியது. அதை சாப்பிட்ட சிலருக்கு தசை சிதைந்து, கிட்னி செயல் இழந்தது. உலகம் முழுவதும் 50-க்கும் மேற்பட்ட சாவுகள் பதிவாகின. அந்த மாத்திரை இப்போது விற்பனையில் இல்லை. மற்ற கொழுப்பு மாத்திரைகளில் இப்படி நடப்பது மிக மிக அபூர்வம்.

சரி, சாதாரண தசை வலி? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை தூக்குபவருக்கு தொடை வலித்தால், அது மூட்டையால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று எப்படி பிரிப்பது?

லண்டனில் இதை சோதித்து பார்த்தார்கள். பக்க விளைவு என்று மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் டம்மி மாத்திரை கொடுத்தனர். எது என்று அவர்களுக்கு தெரியாது. 2020-ல் முடிவு வந்தது. நிஜ மாத்திரையில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் டம்மியிலும் இருந்தது. பாதி பேர் மறுபடி மாத்திரையை ஆரம்பித்து விட்டார்கள்.

அதற்காக வலி பொய் என்று அர்த்தம் இல்லை. வலி நிஜம்தான். காரணம் வேறாக இருக்கலாம். தைராய்டு குறைவாக இருந்தாலும் இப்படி வலிக்கும். சிலருக்கு மாத்திரையாலேயே வலி வருவதும் உண்டு. அவர்களுக்கு அளவை குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம். வழி இருக்கிறது.

சர்க்கரை விஷயம் ஓரளவு உண்மை. ஏற்கனவே சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்களுக்கு அது சற்று சீக்கிரம் வரலாம். ஆனால் மாரடைப்பு தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிட பெரிது. கல்லீரல் மோசமாக பாதிக்கப்படுவது மிக அபூர்வம்.

மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் உடனே ஒன்றும் தெரியாது. வில்லங்கமே அங்குதான். சில வாரத்தில் கெட்ட கொழுப்பு சத்தமில்லாமல் பழைய அளவுக்கு ஏறி விடும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

ஓ.பி.யில் மணிக்கணக்கில் நின்று, டாக்டர் முன்னால் உட்காரும் ஒரு நிமிடத்தில் வலியை சொல்ல கூச்சப்பட்டு திரும்புபவர்கள் அதிகம். கூச்சமே வேண்டாம். எப்போது இருந்து வலி, எந்த இடத்தில் வலி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சேர்ந்தாலும் வலி கூடும். சி.பி.கே. என்ற ரத்த டெஸ்ட் எழுதினால், முந்தின நாள் பாரம் தூக்கியதை மறைக்காமல் சொல்லுங்கள். கடும் வேலை செய்தாலே அந்த அளவு ஏறிக்காட்டும்.

இரண்டு தொடையும் தோளும் கடுமையாக வலித்து, உட்கார்ந்தால் எழ முடியாமல், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் மட்டும் அடுத்த மாத்திரை போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போய் விடுங்கள். ராத்திரி நேரம் என்றாலும் 108-ஐ கூப்பிடலாம்.