கைத்தீனி மறத்தல்

பறவையின் இளமைக்குப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் இரு பெயர் உண்டெனத் தொல்காப்பியர் மரபியலில் ஓதினார். அவற்றுள் முன்னது ஏட்டளவில் நின்றுவிட்டது. பின்னதோ கிளிப்பிள்ளை என்னும் வழக்கில் இன்றும் நம் நாவில் வாழ்கின்றது. பிள்ளையென அழைத்தல் எளிது. அதற்கு ஊட்டுதலும், பின்னர் அவ்வூட்டலை மறக்கச் செய்தலும் எத்துணை அரியவென்பதைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் அறிந்தேன்.

கோரிமேட்டில், திண்டிவனஞ் செல்லும் சாலைக்கு அணித்தாயுள்ள எம் இல்லத்திற்கு, என் தங்கை விரும்பியபடி ஒரு காக்டீல் குஞ்சு வந்து சேர்ந்தது. காக்டீல் என்பது ஆஸ்திரேலியாவிற்குரிய சிறு கொண்டைக்கிளி. (நம்மூரார் லவ் பேர்ட்ஸ் என்றழைக்கும் பட்ஜரிகரும் அந்நாட்டதே, அப்பெயர்க்கு உரிய பறவை ஆப்பிரிக்காவினது.) "ஐந்து வாரம் ஆயிற்று, இனித் தானே தின்னும்" என்றார் விற்றவர். குஞ்சும் தினையைக் கொத்தியது. கிண்ணத்தில் உமியும் கிடந்தது. யாம் மகிழ்ந்திருந்தோம். நான்காம் நாள் அதன் மார்பெலும்பு கத்திவிளிம்பு போலக் கைக்குத் தட்டுப்பட்டது. ஐந்தாம் நாட் காலையில் அஃது எழவில்லை. அணித்தே குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கவும், உயிரோடிருந்தபொழுது அதனை ஆண்டுக் கொண்டுசெல்ல எமக்குத் தோன்றவில்லை. என் தங்கை இருநாள் எவரோடும் பேசவில்லை.

உமியைக் கண்டு உண்டதென நம்பியது எம் பிழை. இளங்குஞ்சு விதையை முதலில் விளையாட்டாகவே உடைக்கும். விழுங்கக் கற்பது பின்னரே. கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுக்கும் தாய்தந்தையர் சின்னாட்கள் ஊட்டுவது இக்காரணம் பற்றியே. கிளியினம் தான் தின்ற விதையை மென்மையாக்கிக் கக்கி ஊட்டும். புறாவோ, தாயும் தந்தையுமாகிய இரண்டுமே, இரைப்பையின் உட்சுவரில் பால்போன்றதொரு பொருளைச் சுரந்து ஊட்டும். அச்சுரப்பை ஆராய்ந்தே 1930-களில் ஆஸ்கார் ரிடில் என்னும் அமெரிக்க அறிஞர், பாலூட்டும் தாயரிடத்தும் உள்ள புரோலாக்டின் என்னும் இயக்குநீரை இனங்கண்டு பெயரிட்டார்.

ஈண்டு இரைப்பை என்றது கழுத்தடியில் புடைத்து நிற்கும் பையை. கைத்தீனி கொடுப்போர்க்கு அதுவே கண்கூடான அளவுகோல். ஊட்டியபின் அது நிறைந்து மெத்தென்றிருத்தல் வேண்டும். கல்லெனத் திரண்டிருத்தல் ஆகாது. நாளைக்கு ஒருமுறையேனும், பெரும்பாலும் விடியலில், அது முற்றும் வெறுமையாதல் வேண்டும். ஆகாதாயின் பழந்தீனி புளித்து நஞ்சாகும். அந்நிலையில் மேலும் ஊட்டாது மருத்துவரை நாடுக.

தீனியின் வெப்பம் 39 முதல் 41 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. குறைந்தால் குஞ்சு மறுக்கும், செரிமானமும் தளரும். 43-ஐக் கடந்தால் இரைப்பை வெந்து புண்ணாகும். மின்னலை அடுப்பில் சூடாக்கிய மாவு ஓரிடத்தில் ஆறியும் ஓரிடத்தில் கொதித்தும் இருக்குமாதலின், விரலை நம்பாது வெப்பமானியை நம்புக. கைக்குழந்தைக்குரிய பாலமாவைக் கரைத்துக் கொடுப்பாருமுளர். பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லாமையின் அது தகாது. பறவைக்கென்றே விற்கும் பொடியே தக்கது. ஊசியற்ற சிரிஞ்சின் நுனியைக் குஞ்சின் இடப்புறத்து அலகோரத்தில் வைத்து வலப்புறம் நோக்கிச் செலுத்துக. உணவுக்குழல் வலப்பக்கமாக இறங்குகின்றது. குஞ்சு தலையசைத்து இரக்கும்பொழுதே ஊட்டுக. வாய்மூடியிருப்பதற்கு வலிந்து புகட்டினால் தீனி மூச்சுக்குழலிற் சென்று உயிரை வாங்கும்.

இவையெல்லாம் ஒருவாறு கற்கத்தக்கன. ஊட்டலை நிறுத்தும் நாளை அறிதலே அரிது. மறக்கடித்தல் என்று மகளிர் கூறுவர். பறவையை மறக்கடிக்க முயல்வோர் அதனைப் பட்டினியிடுகின்றனர் என்பதே யான் கண்டது. ஒருவகைக் கிளி ஆறு வாரத்தில் மறக்கும். மற்றொன்று பத்து வாரம் ஆயினும் இரந்து நிற்கும். ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிக்கோ மூன்று நான்கு திங்களும் அதற்கு மேலும் ஆகும். விரைந்து விற்க விரும்புவோர் நாட்காட்டியைக் காட்டுவர். குஞ்சு நாட்காட்டி அறியாது.

பொங்கலுக்குப் பின் வந்த இரண்டாங் குஞ்சை நாடோறும் காலையில், ஊட்டுமுன், சமையலறைத் தராசில் நிறுத்தோம். பறக்கத் தொடங்கும் பருவத்தில் உடல் சற்றே மெலிதல் இயல்பு. உச்ச எடையில் பத்தில் ஒருபங்கு குறையலாம். அதனினும் மிகுந்தால் ஓர் ஊட்டலைக் கூட்டினோம். ஊறவைத்து முளைகட்டிய பயறும், வேகவைத்த சோளமும், தினைக்கதிரும் எந்நேரமும் எட்டும்படி வைத்தோம். தினைப்புனத்திற் கிளிகடிந்த குறிஞ்சி மகளிரை வகுப்பிற் படித்துவிட்டு, வீட்டிற்கு வந்து கிளிக்கென்று கதிரைக் கட்டித் தொங்கவிடுவது எனக்கே நகைப்பாயிருந்தது.

இடையே ஒன்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியின் குஞ்சு மரப்பொந்தினின்று வீழக் கண்டு, அதனையும் இவ்வாறு வளர்க்க எண்ணற்க. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடித்தலையும் விற்றலையும் வீட்டில் வைத்தலையும் விலக்குகின்றது. மனிதர் தொட்டதைத் தாய் ஒதுக்கும் என்பது வெறும் பேச்சே. பொந்து எட்டுமாயின் அதிலேயே வைத்துவிடுக, எட்டாதாயின் வனத்துறையினர்க்குத் தெரிவிக்க.

எம் குஞ்சு முதலில் நண்பகல் ஊட்டலைத் தானே மறுத்தது. பத்து நாள் கழித்துக் காலை ஊட்டலையும். இராவூட்டலை மட்டும் விடவில்லை. நிறைந்த இரைப்பையோடு உறங்குதலை அது விரும்பிற்றுப் போலும். ஒன்பதாம் வாரத்தில் ஒருநாள் சிரிஞ்சைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டது. எல்லாம் முடிந்ததென்று பொடியை அயலார்க்குக் கொடுத்துவிட்டோம். மறுவாரம் வீட்டிற்கு வெள்ளையடித்தபொழுது கூண்டை இடம் மாற்ற, அக்குஞ்சு மருண்டு, மீண்டும் குந்தித் தலையசைத்து இரக்கத் தொடங்கிற்று. கொடுத்த பொடியைத் திரும்பக் கேட்டு வாங்கி மூன்றிரவு ஊட்டினோம்; நான்காம் இரவு அது சிரிஞ்சைத் தள்ளிவிட்டுக் கதிருக்குச் சென்றது.