ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் ஏறிய சர்க்கரை

1913-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணி, அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியை ஆடி முடித்த கையோடு, அதன் 25 வீரர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேருக்கு அதில் சர்க்கரை இருந்தது. அவர்களில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்து பதைபதைத்தவர்கள். உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

பதற்றம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. ஓடுவதற்கும் போராடுவதற்கும் உடல் தருகிற எரிபொருள் அது. வீட்டுக் கடனையும் பிள்ளையின் தேர்வு முடிவையும் நினைத்து நாற்காலியிலேயே மறுகுகிறவருக்கு அது செலவாக வழியில்லை. கவலை மாதக்கணக்கில் நீண்டால், கார்டிசால் என்ற ஹார்மோன் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்தும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரவும் வழி செய்யும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதையும் கவனியுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வரும். பார்ப்பதற்கு மனப்பதற்றம் போலவே இருக்கும். வெறும் பயம்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே காட்டினால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கவலையில் இரவில் தூக்கம் வராமல் புரள்வதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; மருந்தின் அளவை முடிவு செய்ய அதுவும் அவருக்குத் தெரிய வேண்டும்.