வியாகுலமும் விசாரணையும்: வடபுலக் கத்தோலிக்கரின் தவக்கால மரபும் சமூக நோக்கும்

மதம் பற்றிக் கால் மாக்ஸ் கூறியவற்றுள் நம்மவர் மனத்தில் நிலைத்துவிட்டது ‘அபின்’ என்னும் ஒரு சொல்லே. 1844ஆம் ஆண்டு வெளிவந்த அவரது கட்டுரையில், அச்சொல்லுக்குச் சற்று முன்னதாக, மதத்தில் வெளிப்படும் துயரம் மெய்யான வாழ்க்கைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான முறையீடாகவும் ஒருங்கே அமைகின்றது என்ற கருத்தும் இடம்பெற்றுள்ளது. முன்னதை விட்டுப் பின்னதை மாத்திரம் எடுத்தாளும் வழக்கம் ஈழத்து முற்போக்கு விமர்சனத்தில் ஒரு குறைபாட்டுக்கு இடமளித்தது. கிறித்தவத்தைப் பற்றி எழுதும்பொழுது ஒன்றில் மிசனரிமாரின் கல்விப் பணியையும் அச்சுப் பணியையும் பாராட்டினோம். அல்லது ஏகாதிபத்தியத்தின் துணைவிளைவு எனக் கூறி அப்பாற் சென்றோம். அம்மதத்தைக் கைக்கொண்ட உழைக்கும் மக்கள் தமது அன்றாட வழிபாட்டில் எதைச் சொன்னார்கள், அச்சொல் சமூக அநீதியின் முன்னே எப்பொழுது குரலாயிற்று, எப்பொழுது மௌனமாயிற்று என்னும் வினாக்கள் போதியளவு ஆராயப்படவில்லை. யாழ்ப்பாணம், மன்னார்ப் பிரதேசக் கத்தோலிக்கரின் தவக்கால மரபைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இங்கு நோக்கலாம்.

தவக்காலம் என்பது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நோன்பு நாட்களாகும். விபூதிப் புதனன்று தொடங்கிப் பெரிய வெள்ளியன்று அது உச்சம் பெறும். இக்காலத்திலே கோவில்களிற் சிலுவைப்பாதை நடைபெறும். மாலை வேளைகளில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். வியாகுலம் என்றால் துயரம். யேசுவின் பாடுகளையும் மரணத்தையும் விரித்துரைக்கும் அந்நூலை இழுத்து, அழுகுரல் கலந்த இராகத்தோடு வாசிப்பர். வாசிப்போர் சுவாமிமார் அல்லர். மூத்தோரிடம் பழகிய ஊரவரே. மன்னார்த் தீவிலுள்ள பேசாலை முதலிய ஊர்களிற் சொரூபங்களைக் கொண்டு பாடுகளின் காட்சிகளை நிகழ்த்திக் காட்டும் ‘உடக்குப் பாஸ்’ என்னும் வடிவமும் வழங்கியது. பாஸ், பசாம் என்னும் சொற்கள் பாடுகளைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தவை.

ஆய்வின் பொருட்டுக் கரையோரக் கிராமமொன்றில் ஒரு மாலை இவ்வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இளைஞரொருவர் வாசிக்கையில் ஒரு தொடரைத் தவறவிட்டார். பின்னால் நிலத்திலிருந்த முதியவள் ஒருத்தி அத்தொடரை உரத்துச் சொல்லித் திருத்தினாள். வாசிப்பு முடிந்ததும் அவளிடம் நூலை நீட்டினேன். “எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி, அழத்தான் தெரியும்” என்றாள். எழுத்தறியாத ஒருத்தி பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடையொன்றின் காவலாளியாக இருக்கின்றாள் என்பது இலக்கிய மாணவன் எவனையும் நின்று சிந்திக்க வைக்கும்.

வாசிப்பு ஊரவர் கைக்குச் சென்றமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். 1687இல் கோவையிலிருந்து (கோவா) யோசேவ்வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இம்மக்கள் குருவின்றியே தமது சமயத்தைப் பேணவேண்டியிருந்தது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மூப்பரும் உபதேசியாரும் கூட்டிய செபமே எஞ்சியது. மாந்தையிலிருந்த மாதா சொரூபம் 1670 அளவில் மடுக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகக் கூறும் மரபும் இக்காலத்துக்குரியதே. வாஸ் முனிவர் 1711இற் கண்டியிற் காலமானார். 2015 சனவரியிற் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவ்விழாவில் மறைபோதகரின் வீரம் பேசப்பட்டது. அவர் வருமுன் முப்பதாண்டு காத்திருந்த பெயரற்ற மூப்பரின் பங்கும் அதேயளவு பேசப்படத் தக்கது.

வியாகுலப் பிரசங்கத்தின் ஆசிரியர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கோவாவிற் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றி, 1742இல் இந்நாட்டிலேயே மறைந்தவர். தமிழகத்தில் வீரமாமுனிவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலம் அது. ஈழத்து உரைநடை வரலாற்றைப் பெரும்பாலும் ஆறுமுக நாவலரிலிருந்து தொடங்குகின்றோம். நாவலர் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவரின் உரைநடை, புலவர் சபையில் அன்று, மீனவர் குடியிருப்பிலும் கமக்காரர் ஊரிலும் ஆண்டுதோறும் ஓதப்பட்டு வந்துள்ளது. அவ்வுரைநடை வெற்றி பெற்றமைக்கு அதன் ஓசையமைப்பே முதற் காரணம் எனக் கருதுகின்றேன். செத்தவீட்டிற் பெண்கள் ஒப்பாரி சொல்லும் முறையை, அதன் விளிகளையும் அடுக்குகளையும், அது தழுவி நிற்கின்றது. தாயொருத்தி மகனுடைய உடலைப் பார்த்துப் புலம்பும் நிலை இம்மக்களுக்குப் புதியதன்று. கடலுக்குச் சென்றவன் திரும்பாத வீடு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. திருவிவிலிய மாதா இங்கு கரையோரத் தாயாகின்றாள். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாட்டுக்கூத்துகளிலும், 1965இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சிகளிலும் இத்தழுவலின் வேறு வடிவங்களைக் காணலாம்.

ஆயின், இம்மரபு உள்ளடக்கிய கருத்துநிலையையும் நோக்குதல் வேண்டும். எந்த மரணத்தைப் பற்றிய கூற்றிலும் ‘கொன்றவர் யார்’ என்ற வினாவுக்கு ஒரு விடை பொதிந்திருக்கும். பாடுகளின் கதையில் அவ்விடை இரண்டு விதமாக வருகின்றது. கதைத் தளத்திற் குற்றவாளிகள் யூதர். யூதரை ஒருநாளும் கண்டிராத நம் கரையோரங்களிலும் ‘யூதன்’ முரடனாகவும் கொடியவனாகவும் மேடையேறினான். அப்பழியை யூத மக்கள் அனைவர் மீதும் சுமத்தலாகாது என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. பக்தித் தளத்திலோ குற்றவாளிகள் நாம் எல்லோருமே. நமது பாவங்களே அவரைச் சிலுவையில் அறைந்தன. இவ்விரு விடைகளும் ஒரு வகையில் ஒன்றே. முதலாவது, குற்றத்தைத் தொலைவிலுள்ள அந்நியர் மீது ஏற்றுகின்றது. இரண்டாவது, அதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகின்றது. வலையும் வள்ளமும் சொந்தமாகவுடைய சம்மாட்டியும் அவனிடம் பங்குக்குத் தொழில் செய்பவனும் பெரிய வெள்ளியன்று ஒரே அளவு பாவிகளாக முழந்தாளிடுகின்றனர். மறுநாட் காலை கடற்கரையிற் பங்கு பிரிக்கும்பொழுது அச்சமத்துவம் இல்லை. உரோமாபுரியில் 1891இலேயே தொழிலாளர் நிலை குறித்துப் பாப்பரசர் சுற்றுமடல் வெளியிட்டார். அம்மடலின் எதிரொலியை நம் தவக்காலப் பிரசங்கங்களிற் கேட்டல் அரிது.

சாதி விடயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகின்றது. யாழ்ப்பாணத்திற் கத்தோலிக்கரிடையே சாதிக்கேற்பத் தனித்தனிக் கோவில்கள் எழுந்தமையும், பொதுக் கோவிலினுள்ளே இருக்கை வேறுபாடு நிலவியமையும் சமூக வரலாறு அறிந்த செய்திகள். மேலே குறிப்பிட்ட கிராமத்திலும், எந்தச் சுவரோரம் யார் இருந்தனர் என்பதை முதியோர் எனக்கு விரலாற் சுட்டிக் காட்டினர். சுட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டனர். வியாகுலத்தை உரத்து வாசித்த அதே மண்டபம் அது. 1929இல் அரசாங்க மானியம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது சாதியபிமானிகள் கிளர்ந்தெழுந்தனர்; பாடசாலைகள் தீயிடப்பட்டன. மிசன் பாடசாலைகள் சில அவ்விதியின் பக்கம் நின்றன என்பது உண்மை. எனினும் பாடசாலையில் ஏற்றுக்கொண்டதைக் கோவிலில் ஏற்கப் பல பங்குகள் தயங்கின. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் முன்னின்று நடத்தியோர் இடதுசாரிகளே. திருச்சபை ஒரு நிறுவனம் என்ற வகையில் அவற்றின் முன்னணியில் நிற்கவில்லை.

ஈழத்து ஒடுக்கப்பட்டோர் இலக்கியத்தின் முன்னோடிகள் இருவர் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும். இருவருடைய பெயர்களும் கிறித்தவப் பெயர்கள். இருவரும் நீதி தேடிச் சென்ற இடம் பொதுவுடைமைக் கட்சி. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. இறந்தவனுக்காக ஓலமிடுவதோடு அமையாது, அடிப்பவன் யார், அவனுக்குக் காணி எவ்வளவு, அவனுடைய ஆட்கள் எவர் என்று ஊர் பெயராக அந்நாவல் விசாரிக்கின்றது. வியாகுலப் பிரசங்கம் விட்ட இடத்திலிருந்து இந்நாவல் தொடங்குகின்றது என்று கூறினால் இரு சாராரும் என்மீது கோபிக்கக்கூடும்.

நம்பிக்கையிலிருந்து புறப்பட்டுச் சமூக அநீதியைப் பெயர் சொல்லி எதிர்கொண்டோரும் இல்லாமலில்லை. அவர்கள் பெரும்பாலும் பங்குக் கோவிலுக்கு வெளியே நின்றவர்கள். 1958இல் உருவான கிறித்தவத் தொழிலாளர் தோழமை அமைப்பு மே தினத்தையொட்டித் தொழிலாளர் வழிபாட்டை நடத்திற்று. பௌத்தரும் இந்துக்களும் மாக்சியரும் அதனோடு இணைந்து செயற்பட்டனர். 1971இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள் கொழும்பிற் சமூக, சமய நிலையத்தை நிறுவினார். 1972இற் போல் கஸ்பேர்ஸ் அடிகள் கண்டியிற் ‘சத்தியோதய’வைத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிடப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையை அந்நிலையம் தனது முதன்மைப் பணியாக்கிற்று. 1973, 74ஆம் ஆண்டுகளிற் தோட்டங்களிற் பட்டினி பரவிய காலம் அது. பாலசூரிய அடிகள் மாதாவைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலின் காரணமாக 1997 சனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, ஓராண்டின் பின் மீளச் சேர்க்கப்பட்டார். கூலியற்ற கன்னியாகவும் பணிந்த தாயாகவும் மாத்திரம் வணங்கப்பட்ட மாதாவை, ஏழை உழைப்பாளிப் பெண்ணாகக் காட்டியமையும் அவர் மீது எழுந்த சர்ச்சையின் ஒரு பின்புலம் என்பதை மறத்தலாகாது. வியாகுல மாதா அழும்வரை எவருக்கும் இடைஞ்சல் இல்லை.

வடபுலத்திலோ மாற்றம் போரின் வழி வந்தது. 1985 சனவரியில் மன்னார் வங்காலையில் மரியபஸ்தியன் அடிகள் கொல்லப்பட்டார். 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் கோவிலிற் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில் மடுக் கோவிலில் அடைக்கலம் பெற்றிருந்தோர் எறிகணைக்கு இரையாகினர். 2008 ஏப்பிரலில் மடு மாதா சொரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. ஒல்லாந்தர் காலக் கதை கண்முன் நிகழ்ந்தது. இந்நிலையிற் பாடுகளின் கதை தொலைவிலுள்ள எருசலேமின் கதையாக இருக்க இயலவில்லை. சொந்தப் பிள்ளையின் உடலைத் தேடும் தாய்க்கு, அம்மரணம் தன் பாவத்தால் நேர்ந்தது என்ற விடை போதவில்லை.

2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் சமர்ப்பித்த கூற்றை இம்மரபின் பின்னணியில் வைத்து வாசித்தல் வேண்டும். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்திற் கச்சேரிக் கணக்குகளின்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குக் காட்டியோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நிகழ்ந்தது என அவர் வினவினார். அவ்வெண்ணிக்கை இறந்தோர் தொகையாகப் பின்னர் பலராற் கையாளப்பட்டது. அவர் கூறியது அதுவன்று. கணக்கில் வராதோர் தொகை அது, விளக்கம் கேட்கும் ஒரு கழித்தல். இலக்கிய மாணவனின் கண்ணுக்கு இங்கு ஒரு மொழிமாற்றம் புலனாகின்றது. வினைமுதலை மறைத்த புலம்பல் போய், அரசின் ஆவணத்தையே சான்றாக நிறுத்தி அரசிடம் கேட்கும் வினா வந்துவிட்டது. அடுக்கும் விளியும் இல்லை. கூட்டலும் கழித்தலுமே உண்டு. ஆனால் இறந்தவனை ஊர் கூடிப் பெயர் சொல்லி நினைக்க வேண்டும் என்ற பழக்கம் இல்லாத சமூகத்தில் இக்கழித்தலைச் செய்யும் துணிவு எளிதிற் தோன்றியிராது. மூன்று நூற்றாண்டு வாசிப்பு அதற்கு நிலம் பண்படுத்தியிருந்தது.

திருச்சபையின் குரல் உயர்ந்த இவ்விடத்தையும், சாதியின் முன் அது தாழ்ந்த இடத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் அவசியம். ஒன்றிற் கொடுமை வெளியிலிருந்து வந்தது. கொல்லப்பட்டோரும் அழுதோரும் ஒரே கூட்டத்தினர். மற்றதிற் கொடுமை இழைத்தோரும் அனுபவித்தோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே செபத்தைச் சொன்னார்கள். கோவிலுக்கு நிதி கொடுத்தவரும் திருவிழா உபயகாரரும் முதலாவது பிரிவினர். வேதம் இரண்டு இடங்களிலும் ஒன்றே. அதன் குரலை நிர்ணயித்தவை சொத்தும் சாதியும் அமைத்த உறவுகள். இம்முடிவு மாக்சிய வாசகருக்குப் புதிதன்று. ஆயின், குரல் எழுந்தபொழுது அது எந்த மொழிவளத்திலிருந்து எழுந்தது என்பதை நமது பொருளாதார விளக்கங்கள் தாமாகச் சொல்லிவிடமாட்டா. அதற்கு அம்முதியவளின் அருகில் நிலத்திலிருந்து கேட்கவேண்டியிருக்கின்றது.

2017 பெப்ரவரி 20இற் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோவிலருகே, வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே பந்தலின் கீழ்ப் படங்களை மடியில் வைத்திருந்தனர். அத்தாய்மார் பிள்ளையின் பெயர், கையளித்த நாள், கையளித்த இடம், பெற்றுக்கொண்ட படைப்பிரிவு என்ற ஒழுங்கிற் பேசினார்கள். அழுகை வரும்பொழுதும் அவ்வொழுங்கை விடாமற் பேசினார்கள்.