உஷார்! அணையாத கம்ப்யூட்டரைச் சுவரில் அணைக்காதீர்கள்

'ஷட்டிங் டவுன்' என்று திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணி பத்தரை. தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. கை தானாகச் சுவர் சுவிட்சுக்குப் போகும். வேண்டாம். தயவுசெய்து அந்தக் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா போன ஐப்பசிக் கடைசியில் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டரு தொறக்க மாட்டேங்குதுப்பா. நீலமா ஒண்ணு வந்து நிக்குது."

"நேத்து ராத்திரி சரியா அணைச்சீங்களா சித்தப்பா?"

"எங்க அணையுது? சுத்திக்கிட்டே கெடக்கும். நான் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் படுத்துடுவேன்."

"எத்தனை நாளா?"

"தை அறுப்பு முடிஞ்சதுலேருந்து."

ஒன்பது மாதம். ஒவ்வொரு ராத்திரியும் ஓடுகிற கம்ப்யூட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கியிருக்கிறார். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். நிலத்தின் சிட்டா, அடங்கல் நகல்கள், கொள்முதல் நிலையத்து ரசீதுகளின் படங்கள், நான்கு வருட வரவு செலவு, அப்பாயியின் கடைசிக் காலத்துப் போட்டோக்கள். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமான கெடு நவம்பர் 15. அதற்கு ஆறு நாள்தான் இருந்தது.

சிட்டாவையும் அடங்கலையும் மறுபடி வாங்கிவிடலாம். அப்பாயியின் படங்களை எங்கே போய் வாங்குவது? அந்தப் பதைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஒரு ஃபைலைச் சேமித்ததும் அது அப்படியே ஹார்டு டிஸ்க்கில் பதிந்துவிட்டதாக நினைக்கிறோம். முதலில் அது நினைவகத்தில் நிற்கிறது, பிறகுதான் டிஸ்க்குக்குப் போகிறது. களத்தில் தூற்றிக் குவித்த நெல் மாதிரி. மூட்டையில் அள்ளித் தைத்துவிட்டால் கவலையில்லை, குவியலாகக் கிடக்கும்போது மழை பிடித்தால் போயிற்று. ஷட் டவுன் என்பது அந்த மூட்டை கட்டும் வேலை. திறந்திருக்கும் ஃபைல்களை மூடி, மீதியை டிஸ்க்கில் எழுதி, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் சரிசெய்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் தன் மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். நடுவில் பிடுங்கினால் பாதி எழுதிய பட்டியல் நிற்கும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் இதற்கு ஒரு காப்பு உண்டு. மாற்றங்களைத் தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதைப் பார்த்துப் பட்டியலைச் சீராக்கிக்கொள்ளும். அதனால்தான் முதல் நாள் ஒன்றும் ஆகாது, பத்தாவது நாளும் ஆகாது, நமக்கும் துணிச்சல் வந்துவிடும். ஆனால் அந்தக் காப்பு பட்டியலுக்குத்தான். ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் அது பொறுப்பேற்காது.

அணைய மறுப்பது புது வியாதியும் அல்ல, உங்கள் கைத்தவறும் அல்ல. பழைய கம்ப்யூட்டர்களில் மின்சாரத்தை நேரடியாக வெட்டும் சுவிட்ச் இருந்தது. விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் சொல்லும். அதன் பிறகு நாம் அணைப்போம். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு பரவியபின் கேபினெட்டின் முன்னால் இருக்கும் பட்டன் வெறும் வேண்டுகோள் ஆகிவிட்டது. அணையலாமா கூடாதா என்பதை மென்பொருள் முடிவு செய்யும். அன்றிலிருந்தே தொல்லைதான். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அணையாமல் தொங்கியதற்கு மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தமே வெளியிட்டது. 2020 பிப்ரவரியில், விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்த மறுமாதமே, 'இந்தக் கம்ப்யூட்டரை அணைக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொந்தக்காரரிடமே சொன்ன கம்ப்யூட்டர்கள் பல. 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று கொடுத்தால் அப்டேட் செய்துவிட்டு அணையாமல் மறுபடி எழுந்து உட்காரும் கோளாறு பல வருடம் இருந்தது. விண்டோஸ் 11-க்கு 2025 அக்டோபர் கடைசியில் வந்த அப்டேட்டில்தான் அது திருத்தப்பட்டது.

நம் டெல்டாவில் இந்தக் கோளாறு வரக்கூடாத நேரத்தில் வருகிறது. காப்பீட்டுக் கெடுவும், அதற்காக ஸ்கேன் செய்து வைக்கும் வேலையும், வடகிழக்குப் பருவமழையும், இடியும், நினைத்தபோது போய்வரும் கரண்டும் எல்லாம் ஐப்பசி கார்த்திகையில் ஒன்றாகச் சேர்கின்றன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அதைப் பார்த்த நமக்குக் கரண்டு எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையே இருக்கக்கூடாது. ராத்திரி முழுக்க 'ஷட்டிங் டவுன்' என்று சுற்றிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை நீங்கள் பிடுங்காவிட்டாலும், ஒரு மின்தடை பிடுங்கிவிடும். ஆகவே பொறுத்துப் பார்ப்பது ஒரு ராத்திரிக்குத்தான் வழி. காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று இருந்தால் அது உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் அரை மணி, ஒரு மணி கூட ஆகும். கேபினெட்டில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஏதோ ஒரு புரோகிராம் அணைப்பதைத் தடுக்கிறது என்று பெயருடன் காட்டினால் 'கேன்சல்' கொடுத்துத் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் சேமிக்காத எக்செல் தாளோ, பிரின்டருக்குப் போய்ச் சிக்கிய வேலையோதான் இருக்கும். 'எப்படியும் அணை' என்று அவசரப்பட்டால் அந்தத் தாள் போய்விடும்.

எழுத்து எதுவும் இல்லாமல் வட்டம் மட்டும் சுற்றினால், யூஎஸ்பி-யில் செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிரின்டர், நெட் டாங்கிள், கைரேகைக் கருவி. டிரைவர் சரியில்லாத ஒரு சாதனம் பதில் சொல்லும்வரை விண்டோஸ் காத்துக்கொண்டே நிற்பது உண்டு. வெளி ஹார்டு டிஸ்க்கை மட்டும் அதன் விளக்கு மினுக்கும்போது தொடாதீர்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மாறினால் கீழே வலது மூலையில் பவர் குறி இருக்கும். அங்கிருந்து அணைத்துப் பாருங்கள்.

எதற்கும் மசியவில்லை, விளக்கு ஒரு மணி நேரமாக மினுக்கவே இல்லை என்றால்தான் கடைசி வழி. பவர் பட்டனை நான்கு முதல் பத்து விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் அணையும். இதுவும் திடீர் வெட்டுதான், சுவர் சுவிட்சைவிட உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் பத்திரமானது அல்ல. ஒருமுறை செய்தால் மறுநாளே காரணத்தைத் தேட உட்கார வேண்டும்.

மறுநாள் முதல் வேலை ரிப்பேர் அல்ல, நகல். கம்ப்யூட்டர் திறந்ததும் முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் எந்தச் சோதனைப் புரோகிராமையும் ஓட்டாதீர்கள். நோயாளி டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைக்கும் 'செக் டிஸ்க்' அதன் மிச்ச உயிரையும் வாங்கிவிடும். நகல் எடுத்தபிறகு எது வேண்டுமானாலும் செய்யலாம்.

பிறகு நான் முதலில் சந்தேகப்படுவது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. இது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்ளிருப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் அதையே மீண்டும் எடுத்துக்கொள்கிறது. நேற்று சிக்கிய டிரைவர் இன்றும் சிக்கியபடியே எழும். 'ரீஸ்டார்ட்' அப்படி அல்ல. அதுதான் முழுதாகக் கழுவி எடுப்பது. அதனால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுங்கள். அப்போது சரியாக அணைகிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸும் போஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. விண்டோஸ் இப்படிப் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸில் புகுந்து விண்டோஸ் ஃபைல்களை மாற்றினால் டிஸ்க் பட்டியலே குழம்பிவிடும். அப்படி இரண்டு இருக்கும் கம்ப்யூட்டரில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கவே கூடாது.

அணைத்தால் உடனே தானாக மறுபடி எழுகிறதா? பெரும்பாலும் அணையும் வழியில் அது நொறுங்குகிறது, நொறுங்கினால் ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருப்பதால் எழுகிறது. சிஸ்டம் அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' குறியை எடுத்துவிட்டால் நீலத் திரை நிற்கும். அதில் வரும் பெயரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த டிரைவர் என்று அதிலிருந்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு வந்ததும் ஆளில்லாத அறையில் கம்ப்யூட்டர் தானாக ஓட ஆரம்பித்தால் பயப்படாதீர்கள். பயாஸில் மின்சாரம் திரும்பினால் எழ வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆஃப் செய்யுங்கள்.

திரை கறுத்துவிட்டது, ஆனால் காற்றாடி ஓடுகிறது. இதுதான் என்னை அதிகம் பதற வைப்பது. அணைந்துவிட்டது என்று நினைத்துத் துணியுறையைப் போர்த்திவிடுவோம், மடிக்கணினியைப் பைக்குள் திணித்துவிடுவோம். அறுப்புக் காலத்து நெல் தூசி ஏற்கெனவே காற்றாடியை அடைத்திருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். உறை போடுமுன் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் அது இன்னும் ஓடுகிறது.

யூபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், கரண்டு போன அரை நிமிடத்தில் கைவிட்டுவிடும். முக்கியமான ஃபைல் எதையும் திறக்காமல் ஒருநாள் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடினால், பல இன்வெர்ட்டர்களில் இருக்கும் 'யூபிஎஸ்' நிலைக்கு அதை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்டு மாறும் நொடியில் டெஸ்க்டாப் ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

இன்னொரு அபாயம் போனில் காத்திருக்கிறது. 'கம்ப்யூட்டர் அணையவில்லை' என்று இணையத்தில் தேடினால் உதவி எண் என்று ஏதேதோ வரும். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசி, எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியை நிறுவச் சொல்லி, உங்கள் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். ரிப்பேர் கட்டணம் பத்து ரூபாய் என்று வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் கணக்கில் இருக்கும் கொள்முதல் பணம் முழுவதும் போய்விடும். முகம் தெரியாதவருக்குத் திரையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சித்தப்பாவின் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்த்தேன். அப்பாயி படங்கள் வந்தன. அடங்கல் நகல்கள் வந்தன, காப்பீடும் கட்டிவிட்டோம். நான்கு வருட வரவு செலவு இருந்த எக்செல் ஃபைல் பெயர் மட்டும் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. தினமும் ராத்திரி அவர் கடைசியாகத் திறந்து வைத்திருந்தது அந்த ஃபைலைத்தான்.

அவர் முதலில் கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போகத்தான் கிளம்பினார். நல்லவேளை, போன் செய்தார். பெரும்பாலான கடைகளில் கேட்கும் முதல் வார்த்தை "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" சி டிரைவ் மட்டும்தான் ஃபார்மட், மற்றதற்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். நாம் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் வைப்பது எல்லாம் அந்த சி டிரைவில்தான் இருக்கிறது. கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி கேபினெட்டின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்: 'ஃபார்மட் செய்ய வேண்டாம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் முதலில் நகல் எடுத்து எங்களிடம் காட்டவும்.'