“தலை பாரமா இருக்கும்மா”

ஆம்பூரில் பொழுது நன்றாக விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்து விடுகின்றன. சுற்றுக் கிராமத்துப் பெண்களை ஏற்றி வந்து ஷூ கம்பெனி வாசலில் இறக்குகின்றன. அவர்களில் ஒருத்தியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? மூன்று மாதமாக அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. தையல் மெஷின் முன் உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போகிறாள்.

“என்னம்மா உடம்புக்கு?”

“தலை பாரமா இருக்கும்மா. ஒடம்பெல்லாம் அசதி.”

தலைவலிக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒரு மாத்திரை. விஷயம் முடிந்தது!

டாக்டர் மேல் பழி போடவும் முடியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்த சோகை என்று 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஷூ ஒட்டும் பசையின் நெடியும் தலைவலி தரும். ஆகவே இரத்தத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் சோகை பிடித்தவளுக்கு மனச்சோர்வு வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே!

“எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு நம் பெண்கள் யாரும் வைத்தியரிடம் போவதில்லை. “மனசே சரியில்லை” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் தலை, நெஞ்சு, இடுப்பு என்றுதான் பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகளில் ‘கப்ராஹட்’ என்பார்கள். மனக் கலக்கமும் அதுதான், நெஞ்சுப் படபடப்பும் அதுதான். எதை எழுதிக்கொள்வது என்பது டாக்டரின் பாடு.

அமெரிக்காவில் இதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 2013-16இல் அப்படிக் கணக்கெடுத்ததில் கறுப்பர்களில் நூற்றுக்கு 9.2, ஹிஸ்பானியரில் 8.2, வெள்ளையரில் 7.9 பேருக்கு மனச்சோர்வு தெரிந்தது. ஆசியரில் 3.1 பேருக்குத்தான்! ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு.

ஆசியர்கள் அவ்வளவு ஆனந்தமானவர்களா? ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சீனரையும் பிலிப்பைன்ஸ்காரரையும் நம் தமிழரையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணிய கணக்கு அது. கேள்வி காதில் விழுந்த விதமும், பதில் சொல்ல நாக்கு எழுந்த விதமும் வீட்டுக்கு வீடு வேறு அல்லவா? ஜிம்பாப்வேயில் இதே துயரத்துக்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊரிலும் “சதா யோசனையாகவே இருக்கிறாள்” என்கிறோமே, அதேதான். அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு 2006 முதல் அங்கே பாட்டிமார்கள் ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசியே குணம் காட்டியிருக்கிறார்கள்.

நம் வேலூர்ப் பக்கமே ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. கணியம்பாடி வட்டாரத்தில் கர்ப்பிணிகளைப் பேறுகாலத்துக்கு முன்பும் பின்பும் சந்தித்து, தமிழிலேயே கேள்வி கேட்டார்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். 2002இல் முடிவு வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. யாருக்கு அதிகம் தெரியுமா? வருமானம் குறைந்தவளுக்கு. ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப் போகாதவளுக்கு. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவளுக்கு. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு என்று நம் பாட்டி கேட்பாள். வாஸ்தவம்தான், ஆனால் பாட்டி அதை விதி என்பாள், இவர்கள் வியாதி என்கிறார்கள். வியாதி என்றால் வைத்தியம் உண்டு. பேச்சாலும் உண்டு, மருந்தாலும் உண்டு.

வைத்தியம் இருந்தும் என்ன? 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. “பைத்தியக்கார ஆஸ்பத்திரி” என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம் பாதி. பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பார்களே என்ற கவலை மீதி. 2022இல் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிக்கு (எண் 14416) இந்தத் தொல்லை இல்லை. வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம்.

வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் ஏற்பட்டது. நோயாளியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும் வழக்கம் நாடெங்கும் இருந்த காலத்தில், வீட்டு மனிதர் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தார்கள். கணவனோ, தாயாரோ, அக்காளோ யாராவது ஒருவர்.

மாமியாரும் வரலாம். அவள் பேசுவதையும் டாக்டர் கேட்டுக்கொள்வார்.