ரிவர்ட் என்றால் பதில் அல்ல

அலுவலக மின்னஞ்சல்களின் கடைசி வரியில் அடிக்கடி வருவது ‘ப்ளீஸ் ரிவர்ட்’. பதில் போடுங்கள் என்று கேட்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களில் இந்தப் பொருள் வேரூன்றிவிட்டது. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு ரிவர்ட் என்றால், முன்பிருந்த நிலைக்கே திரும்பிப் போவது.

ஒருவரிடமிருந்து போன உரிமை மறுபடி அவரிடமே வந்து சேர்வதையும் இச்சொல் குறிக்கும். ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதியை 1898-இல் சீனாவிடமிருந்து பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் முழுவதுமே சீனாவிடம் போனது. அதை ஆங்கிலத்தில் ‘ஹாங்காங் ரிவர்ட்டட் டு சைனா’ என்று எழுதுவார்கள்.

நம் அரசுப் பணியில் இதன் பெயர்ச்சொல்லான ‘ரிவர்ஷன்’ புழக்கத்தில் உள்ளது. மேல்பதவியைத் தற்காலிகமாகப் பார்த்தவரைப் பழைய பதவிக்கே அனுப்புவது அது. ரயில்வே ஊழியர் பர்ஷோத்தம் லால் திங்ரா இப்படி அனுப்பப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். தற்காலிகமாகப் பார்த்த பதவியில் அவருக்கு உரிமை இல்லை, எனவே இது தண்டனை ஆகாது என்று 1957-இல் தீர்ப்பு வந்தது.

விக்கிப்பீடியாவில் ஒருவர் செய்த திருத்தத்தை நீக்கி, பக்கத்தைப் பழையபடி ஆக்குவதும் ரிவர்ட்தான்.

இந்தப் பொருள் வேறுபாடு வேலையையே கெடுக்கலாம். புது வடிவமைப்பை லண்டன் வாடிக்கையாளருக்கு அனுப்பி, ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி டிசைன்’ என்று எழுதினால், கருத்துக் கேட்கிறீர்களா, பழைய வடிவத்துக்கே போகச் சொல்கிறீர்களா என்று அவர் குழம்புவார்.

எழுதும்போது மூன்றை நினைவில் வையுங்கள். முதலாவது, ரிவர்ட்டுக்குப் பின் பெரும்பாலும் ‘டு’ வரும். அதையடுத்துப் பழைய நிலையோ பழைய உரிமையாளரோ வர வேண்டும். ‘வி ரிவர்ட்டட் டு தி ஓல்டு டைம்டேபிள்’ என்பது சரியான வாக்கியம். இரண்டாவது, ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம். ‘ரி’ என்பதிலேயே ‘திரும்ப’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது. மூன்றாவது, பதில் வேண்டுமானால் ‘ப்ளீஸ் ரிப்ளை’ போதும். நீங்கள் பிறகு பதில் தருவதாகச் சொல்ல, ‘ஐ வில் கெட் பேக் டு யூ’.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாட்டுக்கு எழுதும்போதும் ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள். அது எந்த நாட்டிலும் குழப்பமின்றிப் புரியும்.